அணைக்கட்டு தோறும் ஒரு நிறுத்தம்... தாமிரபரணிக் கரையில் சைக்கிள் சவாரி!

காலை எட்டு மணி வாக்கில் அம்பாசமுத்திரம் பக்கம் ஏதாவது ஒரு வாய்க்கால் கரைச் சாலையில் நின்று பாருங்கள். அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கதை பேசிக்கொண்டே கடந்து போவார்கள். எதிரே, கேரியரில் புல்லுக்கட்டைக் கட்டிக்கொண்டு வயலிலிருந்து திரும்புவார் ஒரு பெரியவர். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல், மேற்கே திரும்பினால் நீலமாகப் பொதிகை மலை. ஹாரன் சத்தம் எப்போதாவதுதான் கேட்கும்.

சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஓட்டுவதற்கு நிம்மதியான சாலைதான் கிடைப்பதில்லை. நான்கு வழிச்சாலையில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போக யாருக்குத்தான் தைரியம் வரும்? அப்படிப்பட்டவர்களுக்குத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கு ஒரு வரப்பிரசாதம். பொதிகை மலையில் பிறந்து, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களைத் தாண்டாமலேயே சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிற ஆறு இது. மலையில் பிறந்து கடலைச் சேரும் வரை, ஓர் ஆற்றின் முழு வாழ்க்கையையும் இரண்டு மூன்று நாள் சைக்கிள் பயணத்தில் பார்த்துவிடலாம்.

மேடு இல்லாத சாலை எப்படி வந்தது?

இந்த ஊர்ச் சாலைகளில் ஓட்டுகிறவர்கள் முதலில் கவனிப்பது, கால் வலிக்கிற மாதிரி ஏற்றமே இல்லை என்பதைத்தான். அதற்கான காரணம் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. மேலிருந்து வரிசையாகச் சொன்னால் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். இவற்றில் முதல் ஏழும் ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே கட்டப்பட்டவை. கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. இந்த எட்டிலிருந்தும் பதினோரு கால்வாய்கள் பிரிகின்றன. அவை நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட குளங்களை நிரப்பி, சுமார் 86 ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் தருகின்றன.

கால்வாயில் தண்ணீர் தானாக ஓட வேண்டுமென்றால் வாட்டம் சரியாக இருக்க வேண்டும். திடீரென்று மேடு வந்தால் தண்ணீர் நின்றுவிடும். திடீரென்று பள்ளம் வந்தால் கரையை அரித்துவிடும். அதனால் நிலத்தின் மட்டத்தைத் தேடித் தேடி, மேட்டைச் சுற்றிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிற மாதிரி வெட்டியிருக்கிறார்கள். அந்தக் கரையை ஒட்டி வண்டிப்பாதை வந்தது, பிறகு தார்ச்சாலை வந்தது. அதில்தான் இன்று நம் சைக்கிள் உருளுகிறது. தண்ணீருக்காகத் தேடிய சமமட்டம் நம் முழங்காலுக்கும் உதவுகிறது.

கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதையே உண்டு. கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர் தனக்குக் கிடைத்த பொருளையெல்லாம் கால்வாய் வெட்டச் செலவழிக்க நினைத்தாராம். எந்த வழியாக வெட்டுவது என்று தெரியாமல் நின்றபோது, ஒரு பசுவின் பின்னால் போகும்படி அகத்தியர் சொன்னாராம். பசு நடந்த வழி கால்வாயானது, படுத்த இடம் குளமானது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். ஏற்றத்தில் நடக்க மாடு சோம்பல்படும். சமமான இடமாகப் பார்த்துத்தான் நடக்கும். சைக்கிளில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்குக் கதையில் உள்ள கெட்டிக்காரத்தனம் சட்டென்று புரிந்துவிடும்.

முதல் பாதை: பாபநாசம் முதல் கல்லிடைக்குறிச்சி வரை

தூரம் சுமார் 15 கிலோமீட்டர். பிள்ளைகளோடு வருகிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

மேற்கிலிருந்து கிழக்காக ஓட்டுவதுதான் சுகம். ஆறு இறங்கும் திசையிலேயே சாலையும் மெல்ல இறங்குகிறது. ஆனி, ஆடி மாதங்களில் மலைப்பக்கமிருந்து வீசுகிற மேல்காற்றும் முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். எதிர்த்திசையில் ஓட்டினால் அதே காற்று மூச்சு வாங்க வைத்துவிடும்.

பாபநாசநாதர் கோயில் படித்துறையில் பொரி வாங்கிப் போட்டால் பெரிய பெரிய மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு வரும். பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவது பெரும்பாடு. கோயிலைத் தாண்டி மலையேறும் சாலையில் சைக்கிளைத் திருப்ப வேண்டாம். அதற்கு மேல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். நம் பயணம் வனத்துறை செக்போஸ்ட்டுக்குக் கீழேயே ஆரம்பிக்கட்டும்.

இந்த அழகான ஆற்றுக்கு இன்னொரு முகமும் உண்டு. சுதந்திரப் போராட்ட வீரரும் எழுத்தாளருமான வ.வே.சு. ஐயர், 1925 ஜூன் 3 அன்று, இங்கே அகத்தியர் அருவிக்கு மேலே உள்ள கல்யாண தீர்த்தத்தில்தான் உயிரிழந்தார். தண்ணீரில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றப் போய், மகளோடு அவரும் போய்விட்டார். பாறை வழுக்கும், சுழல் வெளியே தெரியாது. படித்துறை இல்லாத இடத்தில் இறங்காதீர்கள் என்று ஊர்க்காரர்கள் சொன்னால், மறுபேச்சு பேசாமல் கேட்டுக்கொள்வது நல்லது.

அங்கிருந்து விக்கிரமசிங்கபுரம் வழியாக அம்பாசமுத்திரம். மெயின் ரோட்டில் பஸ் போக்குவரத்து உண்டு என்பதால் இடப்பக்க ஓரமாக ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். அம்பையைத் தாண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறினால் அக்கரையில் கல்லிடைக்குறிச்சி. பாலத்தில் நின்று மேற்கே பார்க்காமல் யாரும் போவதில்லை. மழைக்காலத்தில் மலையின் தலையில் மேகம் உட்கார்ந்திருக்கும். கீழே ஆறு பாறைகளுக்கு நடுவே பிரிந்து பிரிந்து வரும். கல்லிடையில் அப்பளம் வாங்காமல் திரும்பினால் வீட்டில் திட்டு விழும். சைக்கிளில் நொறுங்காமல் கொண்டுவருவது அவரவர் சாமர்த்தியம்.

இரண்டாவது பாதை: கல்லிடையிலிருந்து பத்தமடை வரை

திருப்புடைமருதூர் போய்த் திரும்புவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். ஒரு நாள் பயணமாக வைத்துக்கொள்ளலாம். ஒரே மூச்சில் ஓட்டி முடிக்கிற பாதை இல்லை இது. ஊருக்கு ஊர் இறங்கிப் பார்க்க வேண்டியது இருக்கிறது.

வீரவநல்லூரிலிருந்து மெயின் ரோட்டை விட்டு ஆற்றுப் பக்கம் திரும்பினால் வயல்களுக்கு நடுவே கிராமச் சாலைகள். இந்தப் பக்கத்து அரிகேசநல்லூர், கர்நாடக இசை மேதை முத்தையா பாகவதரின் ஊர். கடனா நதி தாமிரபரணியோடு கலக்கிற இடத்தில் இருக்கிறது திருப்புடைமருதூர். நாறும்பூநாதர் கோயிலின் கோபுரத்துக்குள்ளே மரச்சிற்பங்களும் பழைய சுவரோவியங்களும் நிறைந்திருக்கின்றன.

கோயில் அளவுக்கு இங்கே பறவைகளும் பிரபலம். கூடு கட்டும் மாதங்களில் ஊருக்குள் இருக்கிற மரங்களில் செங்கால் நாரை வகைகளும் கொக்குகளும் கூட்டம் கூட்டமாகக் குடியிருக்கும். எச்சமும் நாற்றமும் வீட்டு வாசலிலேயே விழுந்தாலும், ஊர் மக்கள் விரட்டாமல் பாதுகாத்து வந்தார்கள். 2005-ல் இது பறவைகள் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. பைக்கில் வந்தால் சத்தத்துக்கே பறவைகள் கிளம்பிவிடும். சைக்கிளில் வருகிறவர்கள் மரத்தடி வரை போய் நின்று, குஞ்சுகள் இரை கேட்டுக் கத்துவதைக் கேட்டுவிட்டு வரலாம்.

திரும்பி வீரவநல்லூர் வந்து கிழக்கே போனால் காருகுறிச்சி. இந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் பெரியவர்களுக்கு நாதஸ்வரம்தான் ஞாபகம் வரும். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு சேர்ந்து ஒலித்தது காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம். மண்பாண்டத்துக்கும் பேர் போன ஊர் இது. குளத்து மண்ணில் வனைந்த பானைகள் சாலையோரம் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்.

அடுத்து சேரன்மகாதேவி. பாபநாசத்தில் நாம் நினைவுகூர்ந்த வ.வே.சு. ஐயர் குருகுலம் நடத்திய ஊர். அங்கே மாணவர்களுக்குத் தனிப்பந்தி போட்ட விவகாரம் 1920-களில் தமிழ்நாட்டு அரசியலையே உலுக்கியது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு, ஊரைக் காட்டிச் சொன்னால் மறக்காது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பத்தமடை. சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர். பாய்க்குப் புகழ்பெற்ற ஊர். ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வளரும் கோரையை அறுத்து, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிசாகக் கிழித்து நெய்கிறார்கள். நைஸ் பாய் ஒன்றை முடிக்கப் பல வாரங்கள் ஆகும். துணியைப் போல மடித்துவிடலாம். நெய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மலையிலிருந்து வந்த தண்ணீர் இதுவரை நெல்லாகவும் பானையாகவும் வந்தது, இங்கே பாயாகிவிட்டது.

டீக்கடையில் சைக்கிளைச் சாய்த்தால், 'எங்கிருந்து வாரீய?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். தயங்காமல் 'அண்ணாச்சி, ஆத்துக்குப் போற வழி எது?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேப்பில் இல்லாத வாய்க்கால் கரைப் பாதையெல்லாம் அவர்களுக்குத் தெரியும். எது தார்ச்சாலை, எதில் மழை பெய்தால் சக்கரம் புதையும் என்பதும் தெரியும்.

நகரத்தை ரயிலில் தாண்டுங்கள்

பத்தமடைக்குக் கிழக்கே போகப் போக சாலையில் வண்டிகள் கூடிவிடும். திருநெல்வேலி, பாளையங்கோட்டை நெரிசலுக்குள் சைக்கிளோடு மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. சேரன்மகாதேவி ஸ்டேஷனில் ஏறி நெல்லை போய், அங்கிருந்து திருச்செந்தூர் ரயிலில் ஸ்ரீவைகுண்டம் போய்விடலாம். நெல்லையில் அரை நாள் இருந்தால், ஆற்றுக்குள்ளேயே நிற்கிற குறுக்குத்துறை முருகன் கோயிலையும், 1843-ல் திறந்த சுலோசன முதலியார் பாலத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

மூன்றாவது பாதை: ஸ்ரீவைகுண்டத்தைச் சுற்றி

ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன் ஆற்றின் தென்கரையில் புதுக்குடியில் இருக்கிறது, ஊர் வடகரையில். பாலத்தைத் தாண்டும்போதே எட்டாவது, கடைசி அணைக்கட்டைப் பார்க்கலாம். இதிலிருந்து பிரிகிற வடகாலும் தென்காலும்தான் கடலோரம் வரை வாழைக்கும் நெல்லுக்கும் தண்ணீர் கொண்டுபோகின்றன.

நவதிருப்பதி என்று சொல்லப்படும் ஒன்பது பெருமாள் கோயில்களும் இந்த வட்டாரத்தில்தான். காரில் வருகிறவர்கள் அரை நாளில் ஒன்பதையும் முடித்துவிட்டுப் போகிறார்கள். சைக்கிள்காரர்கள் பாதியைப் பார்த்தாலே போதும். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து நத்தம், திருப்புளிங்குடி வரை வாழைத்தோட்டங்களுக்கு நடுவே போய்த் திரும்பலாம். பிறகு பாலம் தாண்டித் தென்கரைக்கு வந்து, நம்மாழ்வார் அவதரித்த ஆழ்வார்திருநகரிக்குப் போய், அங்கே இருக்கிற பழைய புளியமரத்தைப் பார்க்கலாம். தென்கரையில் திருச்செந்தூர் மெயின் ரோடு போகிறது. பாதயாத்திரைக் காலங்களில் கூட்டமாக இருக்கும்; அதிகாலையில் கடந்துவிடுவது உத்தமம்.

ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே சில கிலோமீட்டரில் ஆதிச்சநல்லூர். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்த இடம். அகழ்ந்த குழியின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டு, முதுமக்கள் தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள். இந்த ஆற்றின் தண்ணீரை நம்பி ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் குடியிருந்தார்கள் என்பதைக் காலுக்குக் கீழே பார்க்கும்போது, பேச்சு தானாக நின்றுவிடும்.

கரையில் போனால் கண்ணில் படுவது

இதுவரை சொன்னதெல்லாம் அழகு. சைக்கிளில் போகிறவர் கண்ணுக்கு வேறு சிலதும் தப்பாது.

பாபநாசத்தில் பரிகாரம் என்று சொல்லி ஆற்றில் விட்டுவிட்டுப் போகும் துணிகள் பாறை இடுக்குகளில் சிக்கிக் கிடக்கின்றன. வேட்டியும் சேலையுமாகத் தண்ணீருக்குள் அசைகிற அந்தத் துணிகள் மீனுக்கும் ஆபத்து, குளிக்கிறவர்களின் காலுக்கும் ஆபத்து. நகரத்துக்குப் பக்கத்தில் சாக்கடை கலக்கிறது. சில வாய்க்கால்களில் தண்ணீரே தெரியாதபடி ஆகாயத்தாமரை மூடியிருக்கிறது. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களோடு விருதுநகர் மாவட்டத்து ஊர்களும் இந்த ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கின்றன.

வாய்க்காலையும் குளத்தையும் பராமரிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை காட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. குளங்கள் உடைந்தன, ஊர்கள் தீவாயின, பாலங்களும் சாலைகளும் சேதமாயின. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தங்கள் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் வந்திருந்த நிலையிலும், புதுக்குடி கிராமத்து மக்கள் அந்தப் பயணிகளுக்குச் சமைத்துப் போட்டார்கள். இன்று அந்த ஸ்டேஷனில் சைக்கிளை இறக்குகிறவர்கள், அதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

சத்தமில்லாத இந்தச் சாலைகள் சுற்றுலாவுக்காகப் போட்டவை இல்லை. மடை திறக்கப் போகிறவருக்கும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும், கோரை அறுத்து வருகிற அம்மாவுக்கும் உரியவை. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் வரைதான் கரையில் மரம் இருக்கும். மரம் இருந்தால்தான் நிழல் இருக்கும். வயல் வயலாக இருக்கும் வரைதான் அந்தச் சாலையில் லாரி வராது. வாய்க்கால் தூர்ந்து, வயல் மனையாகிவிட்டால், நாம் ஓட்டிவந்த அமைதியான பாதை இன்னொரு நெரிசல் ரோடாகிவிடும். விருந்தாளியாகப் போகிற நாம் குறைந்தபட்சம் ஒன்று செய்யலாம்: எதையும் ஆற்றில் விடாமல் திரும்பி வரலாம்.

கிளம்பும் முன்...

எப்போது போகலாம்? கார் சாகுபடி நடக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரையும், பிசானம் பயிர் நிற்கும் ஜனவரி, பிப்ரவரியிலும் பள்ளத்தாக்கு பச்சையாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வெள்ள எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் வாய்க்கால்கள் பெரும்பாலும் வறண்டிருக்கும்.

எந்த நேரம்? காலை ஆறிலிருந்து பத்து, மாலை நான்கிலிருந்து ஆறு. இருட்டிய பிறகு வாய்க்கால் கரையில் ஓட்ட வேண்டாம். தடுப்புச்சுவர் இல்லாத இடங்கள் அதிகம். பாம்பு நடமாட்டமும் உண்டு.

எந்த சைக்கிள்? கியர் சைக்கிள்தான் வேண்டும் என்றில்லை. மண்பாதையும் குறுக்கிடும் என்பதால் மெல்லிய டயர் வேண்டாம். பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான், ஒரு உபரி டியூப், முன்னும் பின்னும் லைட், ஹெல்மெட் அவசியம். கிராமத்தில் பஞ்சர் கடை கண்டிப்பாக இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

ரயிலில் கொண்டுபோக? சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்ய முடியுமா என்று ஸ்டேஷனில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சிறிய ஸ்டேஷன்களில் ரயில் ஓரிரு நிமிடம்தான் நிற்கும்.

பிள்ளைகளுக்கு? ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டர் போதும். பெரியவர் ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும், பிள்ளைகள் நடுவிலும் வரட்டும். அணைக்கட்டு வந்தால் இறக்கிக் காட்டுங்கள். அடுத்த அணைக்கட்டின் பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டே போனால், எட்டு பெயரும் அவர்களுக்கு மனப்பாடமாகிவிடும். இந்த ஆறு நாளைக்கு அவர்கள் கையில்தானே இருக்கப்போகிறது!